வீங்கிய மீனும் தொட்டி நீரும்

கறவைப் பசுவிற்கு வயிறு உப்பினால் செய்ய வேண்டுவது இன்னதென்பதைக் குடியானவர்கள் அறிவார்கள். இளம் பயறுவகைத் தீவனத்தை அளவு மீறி மேய்ந்ததனால் முதல் வயிற்றில் வாயு திரண்டு நிற்கிறது என்று உணர்ந்து, முன்கால்கள் மேட்டில் இருக்கும்படி மாட்டை நிறுத்தி, எண்ணெய் புகட்டி, அதற்கும் அடங்காவிடில் கால்நடை வைத்தியரை அழைத்து இடப்பக்க விலாவை அடுத்துக் குழாயூசி குத்தி வாயுவை வெளியேற்றச் செய்கிறார்கள். நகரத்து வீடுகளில் கண்ணாடித் தொட்டிக்குள் வளரும் மீனுக்கும் வயிறு உப்புவதுண்டு. ஆனால் பெயர் ஒன்றாயிருப்பதன்றி இவ்விரு நோய்களுக்கும் பொருத்தம் மிகக் குறைவு. மாட்டின் வயிற்றில் நிற்பது வாயு. மீனின் உடலில் பெரும்பாலும் நிற்பது நீர். இந்த ஒரு வேற்றுமையை அறியாமையால் சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய பகுதிகளில் அன்போடு வளர்க்கப்படும் மீன்கள் பல, நோயினால் சாவதற்கு முன் சிகிச்சையினால் சாகின்றன.

மீனைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கும் ஆசை சென்னைக்குப் புதிதன்று. அரசாங்க அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909-ஆம் ஆண்டில் மெரினாக் கடற்கரையில் மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அது மூடப்பட்டது. பிற்காலத்தில், 1985-இல் தீக்கிரையாகும் வரை, மூர் மார்க்கெட்டில் பறவைகளோடும் நாய்க்குட்டிகளோடும் வண்ண மீன்களும் விலைக்குக் கிடைத்து வந்தன. இன்று வில்லிவாக்கத்தை அடுத்த கொளத்தூர் இந்த வியாபாரத்தின் தலைமையிடமாக விளங்குகிறது. அங்கும் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களிலும் சிமெண்டுத் தொட்டிகளிலும் மண் குளங்களிலும் வண்ண மீன் குஞ்சு பொரித்து விற்பது பல குடும்பங்களுக்குச் சீவனமாக இருக்கிறது. ஆகவே தொட்டி மீனின் நோய், பொழுதுபோக்குக்காரரின் கவலை மட்டுமன்று. அதனை உற்பத்தி செய்யும் குடியானவரின் கவலையுமாகும். வாங்கிய மீன் மும்முறை வீங்கிச் செத்தால் நான்காம் முறை எவரும் தொட்டியை நிரப்புவதில்லை.

மாடவீதியை ஒட்டிய ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். பள்ளிக்குச் செல்லும் குழந்தையின் பிறந்தநாளுக்கென்று இருபது லிட்டர் கொள்ளும் தொட்டியும் இரண்டு பொன்மீன்களும் வாங்கப்படுகின்றன. கபாலீசுவரர் கோயில் திருக்குளத்தில் பொரி இறைத்து மீன்கள் வாய் திறந்து மொய்ப்பதைக் கண்டு பழகிய குடும்பம் அது. மீன் வாய் திறந்தால் பசி என்றே பாட்டியும் பேரனும் கருதுகிறார்கள். காலையில் தாத்தா ஒரு சிட்டிகை தீனி தூவுகிறார். தாத்தா தூவியதை அறியாமல் தாய் ஒரு சிட்டிகை. பள்ளியிலிருந்து திரும்பிய குழந்தை ஒரு பிடி. திருக்குளத்தின் பெருநீருக்கும் இருபது லிட்டருக்கும் உள்ள தாரதம்மியம் எவர் நினைவிலும் எழுவதில்லை. மூன்றாம் வாரத்தில் ஒரு மீன் பெருத்துத் தோன்றுகிறது. கொழுத்துவிட்டது என்று முதலில் மகிழ்கிறார்கள். பிறகு அது மூலையில் ஒதுங்கி நிற்கிறது, தீனியை உமிழ்கிறது. கடையில் விசாரித்தால் நீல மருந்து ஒரு புட்டி, மஞ்சள் தூள் ஒரு பொட்டலம், மனிதருக்குரிய கிருமிக்கொல்லி மாத்திரைக் கூடு ஒன்று ஆகியவை கைக்கு வருகின்றன. மூன்றும் தொட்டியில் கலக்கப்படுகின்றன. நீர் கலங்குகிறது, மறுநாள் காலை இரண்டு மீன்களும் மிதக்கின்றன. ஒன்றிற்கு மட்டுமே வியாதி என்பதை எவரும் கேட்பதில்லை.

இதில் நிகழ்ந்தது என்ன என்பதை உணர, மீனின் உடலுக்கும் அதைச் சூழ்ந்த நீருக்கும் உள்ள சம்பந்தத்தை அறிதல் வேண்டும். நன்னீர் மீனின் இரத்தத்தில் லிட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 8 அல்லது 9 கிராம் உப்புக்குச் சமமான செறிவு உண்டு. தொட்டி நீரிலோ பெரும்பாலும் ஒரு கிராம்கூட இராது. செறிவு குறைந்த இடத்திலிருந்து செறிவு மிகுந்த இடத்திற்கு நீர் மெல்லிய சவ்வின் வழியே ஊடுருவிச் செல்வது இயற்கை. உலர்ந்த திராட்சையை நீரில் இட்டால் அது பருப்பதும் இதனாலேதான். மீனின் செவுள் மிக மெல்லிய சவ்வு. ஆகவே இரவும் பகலும் ஓயாமல் வெளிநீர் செவுளின் வழியே மீனுக்குள் புகுந்தவண்ணம் இருக்கிறது. நன்னீர் மீன் வாயினால் நீர் பருகுவது மிகச் சொற்பம். பருகாமலே அதன் உடலில் நீர் மிகுந்துவிடுகிறது. அவ்வாறு புகும் நீரையெல்லாம் சிறுநீரகம் வடித்து வெளியேற்ற வேண்டும். உடல் எடைக்கு ஒப்பிட்டுப் பார்த்தால், மனிதன் ஒரு நாளில் கழிப்பதைப்போலப் பன்மடங்கு சிறுநீரை நன்னீர் மீன் கழிக்கிறது. ஓட்டைப் படகில் அமர்ந்து ஓயாமல் நீரை இறைத்துக்கொண்டிருப்பவனுக்கு அந்தச் சிறுநீரகத்தை ஒப்பிடலாம். இறைப்பவன் கை ஓய்ந்தால் படகு நிறையும். சிறுநீரகம் ஓய்ந்தால் மீன் நிறைகிறது. வயிறு பருக்கிறது, செதில்களின் அடிப்பைகளில் நீர் தேங்கி ஒவ்வொரு செதிலும் நிமிர்ந்து நிற்கிறது, கண்கள் பிதுங்குகின்றன. மேலிருந்து நோக்கினால் மீன் சவுக்குக் காய்போலச் சொரசொரப்பாகத் தோன்றும். இதுவே மீனின் நீர்க்கோவை.

சிறுநீரகத்தை ஓயச் செய்வது யாது? பெரும்பாலும் ஏரோமோனாஸ் என்னும் நுண்கிருமி வகை என்பது ஆராய்ந்தோர் முடிவு. கெண்டை, ரோகு, கட்லா வளர்க்கும் குளக் குடியானவர்களுக்கு இந்நோய் புதியதன்று. குளத்து நீர் கெட்டு, மீன் நெருக்கமும் மிகுந்த காலத்தில் வயிறு வீங்கிய மீன்கள் கரையோரம் ஒதுங்குவதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். அக்கிருமி எல்லா நன்னீரிலும் உண்டு. சுகமாயிருக்கும் மீனின் குடலிலும் உண்டு. திடமுள்ள மீனை அது ஒன்றும் செய்வதில்லை. அழுகிய தீனியும் அம்மோனியாவும் பிராணவாயுக் குறைவும் சேர்ந்து மீனைத் தளர்த்திய பின்னரே அது உள்ளே புகுந்து பெருகுகிறது. ஆகவே கிருமியை நோய்க்குக் காரணமென்று கூறுவது பாதி உண்மை. கதவைத் திறந்து வைத்தது தொட்டி நீர். குளத்தில் நோய் கண்டால் அனுபவமுள்ள குடியானவர் முதலில் தீனியை நிறுத்துகிறார், சுண்ணாம்பு இடுகிறார், புது நீர் பாய்ச்சுகிறார். அதாவது குளத்திற்கு வைத்தியம் செய்கிறார். நகரவாசியோ நீரை மறந்து மீனுக்கு வைத்தியம் தேடுகிறார்.

மீன் தன் செவுளின் வழியே அம்மோனியாவைக் கழிக்கிறது. உண்ணாமல் அடியில் தங்கிய தீனியும் அழுகி அம்மோனியாவாகிறது. வடிப்பானின் பஞ்சிலும் மணலிலும் குடியேறும் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இவை பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மேற்கூறிய வீட்டில் மீன் மூன்றாம் வாரத்தில் வீங்கியது தற்செயலன்று. அதற்கு மேலும், சுத்தத்தில் கருத்துள்ள இல்லத்தரசியார் வாரந்தோறும் வடிப்பான் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து கழுவுவதுண்டு. குழாய் நீரிலுள்ள குளோரின் அந்நுண்ணுயிர்களைக் கொன்றுவிடுகிறது. தொட்டி பளபளப்பாகத் தோன்றும், மீன் நஞ்சில் நீந்தும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுதல் போதும்.

சென்னையின் நீரைப்பற்றித் தனியே கூறவேண்டும். ஏனெனில் அயல்நாட்டுப் புத்தகங்கள் கூறும் குழாய் நீர் வேறு, இந்நகரத்தார் தொட்டியில் ஊற்றும் நீர் வேறு. ஒரே வீட்டிற்குள் மூன்று வகை நீர் உண்டு. பூண்டி, செங்குன்றம், செம்பரம்பாக்கம் முதலிய ஏரிகளிலிருந்தும் வீராணத்திலிருந்தும், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களிலிருந்தும் வருவது குழாய் நீர். அதில் குளோரின் கலந்திருக்கும். நிலத்தடித் தொட்டியில் லாரி நீர் நிரப்பும் வீடுகளில் அதற்குமேல் சலவைத் தூளும் சேர்வதுண்டு. அடையாறு, பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளின் ஆழ்குழாய்க் கிணற்று நீரோ கடினமானது, உவர்ப்பும் கலந்தது. மூன்றாவது, சமையலறையில் சவ்வு வடிகட்டும் இயந்திரத்திலிருந்து இறங்கும் நீர். மனிதருக்கு உகந்தது மீனுக்கும் உகந்ததாயிருக்கும் என்றெண்ணி இந்தக் கடைசி நீரையே தொட்டியில் நிரப்புவோர் அநேகர். இது பரிதாபத்திற்குரிய தவறு. உப்புக்களெல்லாம் நீக்கப்பட்ட நீராதலால் அது மீனின் உடலுக்குள் இன்னும் வேகமாகப் புகும்; ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்திற்குச் சுமை மேலும் ஏறும். நீரின் காரத்தன்மையும் நிலைத்து நில்லாமல் தாழும். பொன்மீனைப் பொறுத்தவரை, மெல்லிய இந்நீரைவிட அடையாற்றின் மிதமான கிணற்று நீர் எவ்வளவோ மேல். வீட்டார் வாயில் வைக்க மறுக்கும் நீரே மீனுக்கு ஏற்றது என்றால் நம்புவார் குறைவு.

கோடைக்காலத்தை மறத்தலாகாது. பொன்மீன் சீனத்துக் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. குளிர்ந்த நீரில் வாழ்ந்தது. 20 பாகைச் சூட்டில் ஒரு லிட்டர் நீர் 9 மில்லிகிராம் அளவு பிராணவாயுவைத் தாங்கும். 30 பாகையில் அது ஏறக்குறைய ஏழரையாகக் குறைகிறது. சித்திரை வைகாசி மாதங்களில் தியாகராய நகரத்து மாடி வீட்டுத் தொட்டி 30 பாகைக்கு மேலேயே நிற்கும். அப்பொழுது மீனுக்கு வேண்டிய பிராணவாயு கூடுகிறது, நீரில் உள்ளதோ குறைகிறது, கிருமிகளோ விரைந்து பெருகுகின்றன. மின்சாரம் நின்று காற்றுக் குழாயும் ஓய்ந்தால் சொல்ல வேண்டுவதில்லை. 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் வீசியபின் பல பகுதிகளில் நாட்கணக்காக மின்சாரம் இல்லாதிருந்ததை நகரவாசிகள் மறந்திரார். அத்தகைய வேளையில் ஒரு செம்பினால் தொட்டி நீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டிருப்பதே உயிர் காக்கும் உபாயம்.

வீக்கம் எல்லாம் நீர்க்கோவையன்று. செதில்கள் படிந்தே இருந்து, வயிற்றின் அடிப்பாகம் மட்டும் பருத்து, மலம் வெளிப்படாமலோ வெண்ணூல்போலத் தொங்கிக்கொண்டோ இருக்குமாயின் அது பெரும்பாலும் மலச்சிக்கல். மீன் தலைகீழாகவோ பக்கவாட்டிலோ மிதந்து, முயன்றும் கீழிறங்க மாட்டாமல் தவிக்குமாயின் கோளாறு காற்றுப்பையில் இருக்கலாம். பெண் மீன் இருபுறமும் சமமாகப் பருத்துச் சுறுசுறுப்பாகவே தீனி எடுக்குமானால் அது சினையாயிருக்கக்கூடும். அதற்கு மருந்திடுவது பேதைமை. ஒரு பக்கம் மட்டும் மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் புடைத்து வருமாயின் கட்டி என்று ஐயுறலாம். இவற்றைக் கண்டறிய மீனைப் பக்கவாட்டில் நோக்குவதைவிட மேலிருந்து நோக்குவதே சிறந்தது. கடைக்காரரிடம் கொண்டு செல்வதற்கு முன் ஐந்து நிமிடம் மேலிருந்து நோக்கியவர், பாதி நோயை அறிந்தவராவார்.

இங்கே மீனை உற்பத்தி செய்வோரையும் சிறிது கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஓரண்டா, ரியூகின் எனப்படும் உருண்டை உடல் பொன்மீன்களை மக்கள் விரும்பி வாங்குகிறார்கள். நீண்ட உடலுக்கென்று அமைந்த குடலும் காற்றுப்பையும் பந்துபோன்ற உடலுக்குள் நெருக்கி வைக்கப்பட்டமையால் அவ்வினங்களுக்கு வயிற்றுக் கோளாறு எளிதில் நேர்கிறது. பொறுக்கிப் பொறுக்கி இன்னும் உருண்டையாக்குவதைவிட, நீண்ட உடலுடைய சாதாரணப் பொன்மீனைத் திடமாக வளர்த்து விற்பது வாங்குவோர்க்கும் மீனுக்கும் நன்மை. விலை குறையும் என்பது உண்மைதான். சாகும் மீனுக்காக வாடிக்கையை இழப்பதும் நஷ்டமே.

இனி, வீங்கிய மீனுக்குச் செய்ய வேண்டியது. முதற்கண் தீனியை நிறுத்துக. மூன்று நாள் பட்டினியால் வளர்ந்த பொன்மீன் எதுவும் சாவதில்லை; மலச்சிக்கலாயின் பெரும்பாலும் இதனாலேயே தீரும். பின்னர் வேகவைத்துத் தோல் நீக்கிய பச்சைப் பட்டாணியில் ஒரு சிறு துணுக்கு கொடுக்கலாம். இது பொன்மீனுக்குப் பொருந்தும். புழு பூச்சி தின்னும் சண்டை மீனுக்குப் பொருந்தாது. இரண்டாவது, தொட்டி நீரில் மூன்றில் ஒரு பங்கை நீக்கி, குளோரின் போக்கிய நீரால் நிரப்புக. வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் அகலும். அவசரமாயின் கடைகளில் கிடைக்கும் குளோரின் முறிப்புச் சொட்டுக்களை இடலாம். புது நீர் பழைய நீரின் சூட்டோடு ஒத்திருத்தல் வேண்டும். இரண்டு மூன்று நாள் அடுத்தடுத்து இவ்வாறு செய்தல் நலம்.

மூன்றாவதாக, செதில் நிமிரத் தொடங்கியதைக் கண்டால் மீனைத் தனிப் பாத்திரத்திற்கு மாற்றுக. இருபது லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டியும் ஒரு காற்றுக் குழாயும் போதும். அதில் லிட்டருக்கு 3 கிராம் வீதம், அதாவது இருபது லிட்டருக்கு 60 கிராம் கல் உப்பை, ஒரே தடவையில் இடாமல் ஒரு நாளில் மூன்று பங்காகக் கரைத்து இடவேண்டும். இதனால் வெளிநீரின் செறிவு மீனின் இரத்தச் செறிவை நோக்கிச் சிறிது நெருங்குகிறது. உட்புகும் நீர் குறைகிறது. சிறுநீரகத்திற்கு ஓய்வு கிடைக்கிறது. உப்பு உடலில் நீரைத் தேக்குமே, வீங்கிய நோயாளிக்கு வைத்தியர்கள் உப்பை நீக்கச் சொல்கிறார்களே என்று சிலர் வாதிப்பர். மனிதன் உப்பை உண்கிறான். அதனால் உடலுக்குள் செறிவு கூடுகிறது. இங்கு செறிவு கூட்டப்படுவது உடலுக்கு வெளியே. இரண்டும் நேர்மாறான காரியங்கள். மலச்சிக்கலினால் வந்த வீக்கமாயின் கல் உப்பிற்குப் பதிலாகப் பேதி உப்பை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் தனிப் பாத்திரத்தில் இடலாம். செடிகள் வளரும் பெருந்தொட்டியிலும், செதிலற்ற கெளுத்தி இனங்கள் உள்ள நீரிலும் உப்பிடுதல் கூடாது; அவற்றால் தாங்க முடியாது. தனிப் பாத்திரத்தில் வடிப்பான் இல்லாமையால் நாள்தோறும் பாதி நீரை மாற்றி, நீக்கிய நீரின் அளவுக்கே உப்பையும் சேர்க்க வேண்டும். ஐந்தாறு நாட்களில் செதில் படியத் தொடங்கினால் நம்பிக்கை உண்டு.

மாட்டிற்குச் செய்வதுபோல மீனின் வயிற்றில் ஊசி குத்தி நீரை எடுத்துவிடலாம் என்று சில கைகாரர்கள் முயல்வதுண்டு. பயிற்சி பெற்ற வைத்தியர் அன்றி வேறெவரும் இதனை நினைத்தலும் ஆகாது. நீரை எடுத்தாலும் சிறுநீரகம் திருந்தாதவரை அது மீண்டும் நிறையும். ஊசி சென்ற வழியே கிருமி செல்லும்.

நீல மருந்தும் மஞ்சள் தூளும் மேல்தோலில் பற்றும் பூசணத்திற்கும் ஒட்டுண்ணிக்கும் உரியவை. உடலுக்குள் இருக்கும் நோயை அவை எட்டுவதில்லை. வடிப்பானின் நன்மை தரும் நுண்ணுயிர்களையே தாக்குகின்றன. கிருமிக்கொல்லி மாத்திரைகளைப்பற்றிக் கடுமையாகவே கூறவேண்டும். டெட்ராசைக்கிளின் வகை மருந்து கடின நீரிலுள்ள சுண்ண, மக்னீசிய உப்புக்களோடு பிணைந்து வீணாகிறது. ஆழ்குழாய்க் கிணற்று நீர் ஊற்றிய அடையாற்றுத் தொட்டியில் அதைக் கலப்பது, கலந்த அக்கணமே அதில் பெரும்பகுதியைச் சாக்கடையில் கொட்டுவதற்குச் சமானம். நன்னீர் மீன் நீரைப் பருகுவதும் சொற்பமாதலால் நீரில் கரைத்த மருந்து வயிற்றுக்குள் செல்வதுமில்லை. தீனியில் பிசைந்து கொடுத்தாலன்றிப் பயன் கிட்டாது. அதையும் மீன் உண்ணும் நிலையில் இருக்கும்போதே கொடுக்க வேண்டும். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதைக் கற்றவரே கூறவேண்டும். அரைகுறையாக மருந்து கண்ட கிருமிகள் மருந்துக்கு அஞ்சாத சந்ததியை ஈன்றுவிடுகின்றன. தொட்டி நீர் கழுவுதொட்டியின் வழியே கூவத்திற்கும் அடையாற்றிற்கும் செல்கிறது. அந்நீரில் கையிட்ட குழந்தையின் விரற்புண்ணுக்கும் செல்கிறது.

உண்ணும் இறாலைப் பொறுத்தவரை இவ்விஷயத்தில் சட்டம் விழித்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து சென்னையிலேயே தலைமை அலுவலகம் கொண்டுள்ள கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம், குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான் முதலிய மருந்துகளை இறால் பண்ணைகளில் உபயோகித்தலைத் தடுத்திருக்கிறது. மிச்சமான மருந்து வெளிநாட்டுச் சோதனையில் அகப்பட்டால் சரக்குத் திரும்பிவிடும் என்ற அச்சம் அங்கு உண்டு. அழகு மீனை எவரும் உண்பதில்லை. ஆகவே எவரும் சோதிப்பதுமில்லை. மனிதருக்கான கிருமிக்கொல்லியை வைத்தியர் சீட்டில்லாமல் விற்கலாகாது என்ற விதி மருந்துக் கடைக்கு உண்டானால், மீன் கடைக்கு மட்டும் அது ஏன் பொருந்தலாகாது? கடைக்காரர்களை மாத்திரம் குறை கூறுவதும் நியாயமன்று. இரவு எட்டு மணிக்கு அழுதுகொண்டு வரும் குழந்தையின் முன் அவர்களும் ஏதேனும் ஒரு புட்டியை எடுத்து வைக்க வேண்டியவர்களாய் இருக்கிறார்கள். அவர்களையே மீன் வைத்தியராக்கி வைத்தது ஊரின் வழக்கம்.

கற்றவர்கள் இந்நகரத்தில் இல்லாமலில்லை. வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. 1987-இல் ஏற்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் மயிலாப்பூரை அடுத்த ராஜா அண்ணாமலைபுரத்திலேயே இருக்கிறது. 2012-இல் நிறுவப்பட்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்விச்சாலைகளும் சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உண்டு. ஆயினும் வீங்கிய மீனைக் கையில் பிடித்த குடும்பத்தார் சென்று கேட்கத் தக்க இடம் எளிதில் கிட்டுவதில்லை. நாய்க்கும் பூனைக்கும் உள்ள மருத்துவமனைகளில் வாரம் ஒரு மாலைப்பொழுதாவது மீனுக்கென ஒதுக்குவது பெருஞ்செலவன்று. வேண்டியவை அம்மோனியாவும் காரத்தன்மையும் அளக்கும் சோதனைப் பெட்டி ஒன்று, நுண்ணோக்கி ஒன்று, கேள்வி கேட்கப் பொறுமையுள்ள ஒருவர். வருவோர் மீனைக் கொண்டு வராவிடினும் ஒரு புட்டித் தொட்டி நீரைக் கொண்டு வந்தால் பாதி வேலை நடந்துவிடும். 2014-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்து லார்ட் சுமித் மிருக மருத்துவமனையில், ஜார்ஜ் என்ற பத்து வயதுப் பொன்மீனின் தலையிலிருந்த கட்டியைச் செவுளின் வழியே மயக்க மருந்து கலந்த நீரைச் செலுத்திக்கொண்டே ஏறத்தாழ முக்கால் மணி நேரம் அறுவை செய்து நீக்கினார்கள், மீன் பிழைத்தது. அத்தகைய அறுவையைச் சென்னையில் உடனே எதிர்பார்க்க வேண்டுவதில்லை. தொட்டி நீரைச் சோதித்துச் சொல்ல ஆள் இருந்தாலே போதும். ஒரு மீனின் விலையைவிட வைத்தியச் செலவு மிகும் என்பார்க்கு, குழந்தை மீனுக்குப் பெயர் வைத்திருக்கிறது என்பதை நினைவூட்ட வேண்டும்.

உடல் முழுதும் செதில் நிமிர்ந்து, கண் பிதுங்கி, அடியில் சாய்ந்து கிடக்கும் மீன் பிழைப்பது அரிது. ஒரு வாரத்து உப்பு நீரும் பயனளிக்காவிடில் அதன் வேதனையை நீட்டிக்கலாகாது. கழிவறைத் துளையில் விடுவதும், பனிக்கட்டிப் பெட்டியில் வைப்பதும் கொடுமை. கிராம்பு எண்ணெயை இளஞ்சூடான நீரில் நன்றாகக் குலுக்கி, தனிப் பாத்திரத்தில் லிட்டருக்குப் பத்துச் சொட்டு வீதம் கலந்தால் மீன் மயங்கி, பின்னர் செவுளசைவு நின்று அமைதியாக முடியும். அசைவு நின்ற பின்னும் அரை மணி நேரம் அதிலேயே இருக்கவேண்டும். உயிரோடு கொண்டுபோய்த் திருக்குளத்திலோ அடையாற்றிலோ விடுவதைப் புண்ணியமென்று கருதுவோர் உண்டு. நோயை ஊர் நீரில் கலப்பதே அது. தொட்டி துடைக்கும் மீன் என்று விற்கப்படும் தென்னமெரிக்கக் கவசக் கெளுத்தி, இவ்வாறு விடப்பட்டே இந்நகரத்து நீர்நிலைகளில் பெருகி, வலை வீசுவோரின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

மீன் இறந்தபின் தொட்டியைக் காலி செய்து, சலவைத் தூளிட்டுத் தேய்த்து, மறுநாளே புது மீன் கொண்டுவருவது வழக்கமாக இருக்கிறது. அவ்வாறு செய்தால் வடிப்பானின் நுண்ணுயிர்களும் அழிந்து, கதை முதலிலிருந்து தொடங்கும். மற்ற மீன்கள் சுகமாயிருக்குமானால் தொட்டியைக் கலைக்க வேண்டுவதில்லை. மூன்றில் ஒரு பங்கு நீரை வாரந்தோறும் மாற்றி, தீனியிடும் வேலையை வீட்டில் ஒருவரிடம் மட்டுமே ஒப்படைத்து, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே இடச் செய்து, ஒரு மாதம் பொறுத்திருக்க வேண்டும். புது மீன் அதன் பிறகு வரலாம். வந்த மீனையும் இரண்டு வாரம் தனிப் பாத்திரத்தில் வைத்து, மேலிருந்து நோக்கிய பின்னரே பெருந்தொட்டியில் சேர்க்க வேண்டும்.